அணியின் பெயரை எழுதும் முன் பாட்டைச் சோதியுங்கள்

1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அன்று முதல் இந்த வட்டாரத்தில் பங்குனி என்றாலே பாட்டு காதில் விழும் மாதம். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓசை புதிதல்ல. ஆனாலும் யாப்பு, அணி வினாக்களில் மதிப்பெண் போகிறது. கைடில் இருக்கும் வரையறையை ஒப்பித்துவிட்டு, எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் பெயரை எழுதிவிடுவதுதான் காரணம்.

எதுகையை எடுத்துக்கொள்ளுங்கள். "இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது" என்று எல்லோரும் சொல்வார்கள். முதலெழுத்து அளவிலும் ஒத்திருக்க வேண்டும் என்ற மீதிப் பாதி விட்டுப்போகும். நம் ஊர்ப் பெயர்களிலேயே பார்க்கலாம். பள்ளத்தூர் – வெள்ளம்: ப, வெ இரண்டும் குறில், அடுத்தது ள், எதுகை. பள்ளத்தூர் – வாள்வீச்சு: ள் இருந்தும் எதுகை இல்லை, ஏனென்றால் வா நெடில். காரைக்குடி – பாறை இன்னும் பெரிய பொறி. பேச்சில் ரகரமும் றகரமும் கலந்துவிட்டதால் காது ஏமாறும். ர இடையினம், ற வல்லினம். இரண்டாம் எழுத்து ஒரே இனமாக வரும் இன எதுகை என்றும் சமாளிக்க முடியாது.

முதலெழுத்து ஒன்றி வரும் மோனையில் தவறு நேர்மாறானது: இருப்பதையே விட்டுவிடுவார்கள். தேவகோட்டை – செட்டிநாடு மோனைதான். மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ இணைகள். உயிரில் அ ஆ ஐ ஔ ஒரு குழு, இ ஈ எ ஏ ஒரு குழு, உ ஊ ஒ ஓ ஒரு குழு. மெய்யையும் உயிரையும் தனித்தனியே பார்த்தால் தே–செ இரண்டிலும் பொருந்துவது தெரியும். மானகிரி – வள்ளல் என்பதும் அப்படியே. நான்கு சீர் கொண்ட அடியில் எத்தனையாவது சீர்களில் மோனை வருகிறது என்பதை வைத்துச் சொல்லும் வகைப் பெயர்களில் குழப்புவது மேற்கதுவாயும் (1, 3, 4) கீழ்க்கதுவாயும் (1, 2, 4)தான். முதற்சீரை அடுத்த சீரில் விடுபட்டால் மேல், கடைசிச் சீருக்கு முந்தியதில் விடுபட்டால் கீழ்.

அணிகளில் அதிகம் சறுக்குவது உவமைக் குடும்பத்தில். ஒப்பிடும் இடம் எதுவாக இருந்தாலும் "உவமையணி" என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. எது வெளிப்படையாக நிற்கிறது, எது மறைந்திருக்கிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. "ஆத்தங்குடித் தரை கண்ணாடி போல மின்னியது": தரை உவமேயம், கண்ணாடி உவமானம், போல உருபு, மின்னுவது பொதுத்தன்மை. நாலும் கண்ணெதிரே இருப்பதால் உவமையணி.

"அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்பதில் உவமானம் ஒரு தொடர், உவமேயம் இன்னொரு தொடர். நடுவில் "அதுபோல" இல்லை. இது எடுத்துக்காட்டு உவமையணி. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்" என்பதில் வண்டியும் மயிலிறகும்தான் உண்டு. வலியவனும் சிறு பகைவர் பலர் கூடினால் வீழ்வான் என்ற உவமேயம் பாட்டில் எங்கும் இல்லை. ஆகவே பிறிதுமொழிதல் அணி. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்பதில் பிறவி கடலாகிவிட்டது, இறைவன் அடி மட்டும் தெப்பமாக உருவகிக்கப்படவில்லை. ஒரு பாதியை விட்டதால் ஏகதேச உருவக அணி. விடைத்தாளில் பலர் "உருவக அணி" என்று நிறுத்திவிடுகிறார்கள். உருவகம் செய்யப்படாத பாதியையும் சுட்டி எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

மலர்முகம், முகமலர் சிக்கலுக்கு ஒரே சோதனை போதும். மலர்முகம் என்பதில் உவமானம் முன்னே, நடுவே "போன்ற" மறைவு, அது உவமைத்தொகை. முகமலர் என்பதில் உவமேயம் முன்னே, "ஆகிய" மறைவு, அது உருவகம்.

பின்வருநிலையணியில் வந்த சொல் திரும்ப வருகிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. பொருளும் அதேதானா என்று பார்த்தபின் வகையைச் சொல்லுங்கள். சொற்களை வரிசையாக வைத்து அதே வரிசையில் பொருள் கொள்ளும் நிரல்நிறையில் "அன்பும் அறனும்" ஒரு வரிசை, "பண்பும் பயனும்" இன்னொரு வரிசை. அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று இணைத்துக் காட்டாத விளக்கம் அரைகுறைதான்.

அலகிடும்போது, அதாவது பாட்டைச் சீராகவும் சீரை அசையாகவும் பிரிக்கும்போது, சிக்கல் பாதி அச்சிலிருந்து வருகிறது. எளிதாகப் படிக்கச் சந்தி பிரித்துப் போடும் பதிப்புகளில் "எழுத்து எல்லாம்" என்று இரண்டாக நிற்கும். அதை அப்படியே எண்ணினால் குறளுக்கு எட்டுச் சீர் வரும். குறளுக்கு எப்போதும் ஏழுதான். சேர்த்து "எழுத்தெல்லாம்" என்று எடுங்கள்: எழுத்–தெல்–லாம், நிரை நேர் நேர் (ஒற்றை விட்டால் ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை), வாய்பாடு புளிமாங்காய். ஒற்றுக்குத் தனி அலகு இல்லை; தனக்கு முன்னுள்ள அசையோடு சேர்ந்துவிடும்.

கடைசிச் சீர் "உலகு" என்பதை நிரைநேர் என்று பார்த்துப் புளிமா என எழுதுவது வழக்கமான பிழை. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியும். குற்றியலுகர ஈறு உள்ள "உலகு" பிறப்பு.

முடித்தபின் தளையை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையைப் பாருங்கள். வாய்பாட்டின் முடிவை வைத்துச் சொன்னால்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். எழுத்தெல்லாம் காய்ச்சீர், அடுத்த "ஆதி" நேரில் தொடங்குகிறது, சரி. ஓரிடத்தில் தட்டினாலும் வள்ளுவரைச் சந்தேகிக்க வேண்டாம், சீர் பிரித்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.