நெஞ்சு நோ வந்தால்: உறையவிடாத மருந்தும் கரைக்கும் மருந்தும்

கண்ணாடி விரியன் கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சரிக்கும்போது தண்ணீராய் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது. உறையாத இரத்தத்தின் ஆபத்து வன்னிச் சனத்துக்குத் தெரிந்ததுதான். மாரடைப்பிலோ உறையக்கூடாத இடத்தில் இரத்தம் உறைந்துவிடுகிறது.

இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுருநாடியில் பல வருடமாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கும். இரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய குருதிச் சிறுதட்டுகள் அங்கே வந்து ஒட்டும். ஒட்டியவை துரொம்பொக்சேன், ஏ.டி.பி. ஆகிய இரசாயனங்களை வெளிவிட்டு மற்றச் சிறுதட்டுகளையும் இழுக்கும். மேலே பைபிரின் என்ற புரத நார்கள் வலையாகப் பின்னி இரத்தக் கட்டியை இறுக்கும்.

அஸ்பிரின், துரொம்பொக்சேனை உண்டாக்கும் நொதியத்தை நிரந்தரமாக முடக்குகிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லை; புது நொதியம் செய்ய அதற்கு வழியில்லை. 7 முதல் 10 நாள் வரையான தன் ஆயுள் முழுக்க முடங்கியே கிடக்கும். தினம் ஒரு சின்னக் குளிசை போதுமாவது இதனால்தான். குளோபிடோகிரல், ஏ.டி.பி. வந்து பொருந்தும் இடத்தை அடைக்கிறது. மாரடைப்பு என்றதும் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் சொல்வது, அது விரைவாக இரத்தத்தில் சேர வேண்டும் என்பதற்காக.

ஆனால் இவை கட்டி வளர்வதைத்தான் தடுக்கும். இருக்கிற கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டெப்ளேஸ் வேண்டும். நம் இரத்தத்திலேயே இருக்கும் பிளாஸ்மினோஜனை இவை பிளாஸ்மினாக மாற்ற, பிளாஸ்மின் பைபிரினை வெட்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 இலட்சம் அலகு, ஒரு மணித்தியாலம் அளவில் சேலைனோடு ஏறும். பிரஷர் விழலாம், தாதி பக்கத்திலேயே நிற்பார். 90 நிமிடமளவில் மறுபடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். உயர்ந்திருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் நாடி திறந்திருக்கக்கூடும். 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,000க்கு மேற்பட்ட நோயாளர்கள் இருந்தார்கள். அஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் தனித்தனியே இறப்பை ஏறக்குறைய கால்வாசி குறைத்தன. இரண்டும் சேர்ந்து 42 வீதம்.

வசதி இருந்தால் குழாய் விட்டு அடைப்பை நீக்குவதே மேல். ஆனால் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். 120 நிமிடத்துக்குள் அந்தச் சிகிச்சை கிடைக்காது என்றால், கிட்டவுள்ள ஆஸ்பத்திரியிலேயே கரைத்துவிட்டு அனுப்புவதுதான் சரி. நோ தொடங்கி 12 மணித்தியாலம் வரை கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாம் என்றாலும், நேரம் போகப் போகக் கட்டி இறுகும், இதயத் தசையும் சாகும். நெஞ்சு நோவை வாய்வு என்று உள்ளியைத் தின்றுவிட்டு விடியும்வரை படுத்திருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

பக்கவாதம் வந்து வாய் கோணி, கை விழுந்தால் மட்டும் வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளைக்குள் அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை சி.ரி. ஸ்கான்தான் சொல்லும். அடைப்பென்றால் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் பக்றீரியாவிலிருந்து வருவது. ஒருமுறை ஏறினால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். அடுத்த மாரடைப்புக்கு வேறு மருந்து வேண்டும். ஆகவே பழைய கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.