நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே கொத்தனார்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அவர் பள்ளியில் இரண்டு தெருக்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கோடையில் ஊருணித் தண்ணீருக்காகப் பெரியவர்களுக்குள் வந்த சண்டை, இப்போது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு வட்டமாகத்தான் உட்காருகிறார்களாம். "அவங்க இடத்தில் உன்னை வச்சுப் பாருன்னு தினமும் சொல்றேன் சார். இந்தக் கற்பனைக்கெல்லாம் உண்மையிலேயே பலன் உண்டா, இல்ல நாமளா சொல்லிக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

பலன் உண்டு. எப்போது உண்டு, எப்போது இல்லை என்று தெரிய, மூளை கற்பனையை எப்படிக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பீர்கள். பிரித்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் வாளி எல்லாம் அங்கே கடை கடையாகக் கிடக்கும். ஒருவர் கானாடுகாத்தான் தூண் இரண்டை வாங்குகிறார். பள்ளத்தூர் நிலை ஒன்றை வாங்குகிறார். ஆத்தங்குடிக் கல் பதித்து வீடு கட்டுகிறார். சாமான் எல்லாம் பழசு, வீடு மட்டும் புதுசு.

நம் நினைவும் இப்படித்தான். அப்பத்தா வீட்டு அடுப்படி உங்கள் மூளையில் முழுப் படமாக எங்கும் இல்லை. கண்டது தலையின் பின்பக்கத்தில், கேட்டது பக்கவாட்டில், மணம் வேறோரிடத்தில் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற கொத்தனார்தான் ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்து கிடக்கும் சின்ன உறுப்பு. அந்தச் சொல்லுக்கே கடல்குதிரை என்றுதான் பொருள். தொண்டிப் பக்கம் வலையில் கடல்குதிரை சிக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவு உடனே பிடிபடும்.

அதற்குள் சிஏ3 என்று ஒரு பகுதி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பொதுவாக நியூரான்கள் என்ற நரம்பணுக்கள் செய்தியை வாங்கி அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். சிஏ3 நியூரான்களோ தங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஏராளமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு நிகழ்ச்சியின்போது சேர்ந்து துடித்தவற்றுக்கு இடையே இணைப்பு பலப்படும். பிறகு என்றாவது அவற்றில் சிலவற்றைத் தொட்டால் போதும், மற்றவையும் விழித்துக்கொள்ளும். தெருவில் யார் வீட்டிலோ கந்தரப்பம் வேகிற வாசனை வருகிறது. அந்த ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வருகிறது, புகை வருகிறது, அப்பத்தாவின் வளையல் சத்தம் வருகிறது. ஒரு துண்டிலிருந்து முழுசையும் எழுப்பும் இந்த வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, இதற்கும் கற்பனைக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் கொத்தனார் ஒருவரே. 2007-ல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வையர் குழுவினர் ஹிப்போகாம்பஸ் பழுதான ஐந்து பேரிடம், கடற்கரை போன்ற சில இடங்களில் தாங்கள் இருப்பதாகக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். நான்கு பேரால் சரியாக முடியவில்லை. தனித்தனித் துண்டுகள் வந்தன, இடமாகக் கூடவில்லை. பழைய நினைவுகளை இழந்தவர்களுக்குப் புதிய காட்சியைக் கட்டவும் கை வரவில்லை. (அந்த ஹசாபிஸ்தான் பின்னாளில், 2024-ல், புரத வடிவங்களைக் கணித்ததற்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.)

எலிக்கும் இது உண்டு. எலி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கென்றே துடிக்கும் நியூரான்களை ஜான் ஓ'கீஃப் 1971-ல் கண்டு சொன்னார். 2007-ல் வந்த இன்னோர் ஆய்வு அதைவிட அழகு. பாதை இரண்டாகப் பிரியும் முனையில் எலி தயங்கி நிற்கிறது. கால் நகரவில்லை. ஆனால் ஹிப்போகாம்பஸில் முன்னால் உள்ள இடங்களுக்குரிய நியூரான்கள் துடிக்கின்றன. முதலில் ஒரு பாதை, அப்புறம் மறு பாதை. அந்தச் சின்ன உயிர் போகாத வழியில் மனத்தால் நடந்து பார்க்கிறது!

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கொத்தனார் பெரும்பாலும் இடத்தை வைத்துத்தான் கட்டுகிறார். ஆசிரியையின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பிரெண்டன் கேசர், டேனியல் ஷாக்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாரோ ஒருவர் சங்கடத்தில் இருக்கும் சிறு கதையைச் சிலரைப் படிக்கவைத்தார்கள். அவருக்குத் தாங்கள் உதவுவதை ஒரு நிகழ்ச்சியாக மனத்தில் ஓட்டிப் பார்த்தவர்களிடம் உதவும் எண்ணம் கூடியது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், அந்த இடம் மனத்தில் எவ்வளவு தெளிவாக எழுந்ததோ அந்த அளவுக்கு எண்ணமும் வலுத்தது தெரிந்தது. இங்கிலாந்தில் செனல் ஹுஸ்னு, ரிச்சர்ட் கிரிஸ்ப் இருவரும் 2010-ல் வேற்று மதத்தவர் ஒருவரைச் சந்திப்பதைக் கற்பனை செய்யச் சொன்னபோது, எங்கே, எப்போது என்றும் யோசிக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்களிடம் நேரில் பழகும் விருப்பம் கூடியது.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஹுஸ்னு, கிரிஸ்ப் செய்த சோதனையை 36 குழுக்களில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரும்பச் செய்து 2014-ல் வெளியிட்டபோது, விளைவு மிகச் சிறியதாகவே தெரிந்தது. ஆகவே கற்பனையை மருந்து என்று யாரும் விற்கக் கூடாது. முன்பின் தெரியாதவரை ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிமிடம் நினைப்பது வேறு, தினமும் கால் படும் ஊருணிப் படியில் நினைப்பது வேறு என்பது என் எண்ணம். அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், சோதிப்பதற்குப் பெரிய கருவியும் வேண்டாம். 1948-ல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, நேரு அடிக்கல் நாட்டி, மின்வேதியியலுக்கு ஒரு மைய ஆய்வுக்கூடம் வந்த ஊர் காரைக்குடி. இங்கே பல்கலைக்கழகமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி நினைக்கிறார்கள் என்று அறிய நாலு பள்ளிகளில் இரண்டு வருடம் ஆய்வு செய்யப் பணம் ஒதுக்குவது அப்படி என்ன பெரிய காரியம்? மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்களை வைத்து எழுதியதையே நாம் இன்னும் எத்தனை நாள் படித்துக்கொண்டிருப்பது?

"ஆழமாக நினைத்தால் அலைகள் போய் நடத்திக் கொடுக்கும்" என்று கட்டணம் வாங்கி வகுப்பு எடுப்பவர்கள் நம் ஊர்களிலும் பெருகிவிட்டார்கள். மண்டையைத் தாண்டி எந்த அலையும் போய் யார் மனசையும் மாற்றாது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதாக இனிமையாக நினைத்துக்கொள்வது உடலின் முனைப்பைத் தணித்துவிடுகிறது என்று கேப்ஸ், எட்டிங்கன் என்ற இருவர் 2011-ல் காட்டியிருக்கிறார்கள். ஊர் ஒற்றுமையான மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், எழுந்து போய்ப் பேசும் வேகம் குறையுமே தவிர கூடாது.

ஆசிரியைக்கு இவ்வளவையும் சுருக்கி எழுதினேன். "அவங்க இடத்தில்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், இடத்தைக் கொடுங்கள். அந்தத் தெருப் பிள்ளை ஒன்று காலை ஆறு மணிக்குக் குடத்தோடு ஊருணிக்கு வருகிறது. எந்தப் படியில் இறங்குகிறது? குடத்தை எந்த இடுப்பில் வைக்கிறது? திரும்பிப் போகும் வழியில் எங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறது? வீட்டுக்குள் போய் எங்கே ஊற்றுகிறது? அப்போது நீ எதிரே வருகிறாய், என்ன செய்வாய்? இதை எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஊருணிப் படிவரை நன்றாக எழுதிவிட்டார்கள். வீட்டுக்குள் போனதும் பேனா நின்றுவிட்டது. ஒரு பையன் எழுந்து, "அவங்க வீட்டுல தண்ணித் தொட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதே டீச்சர்" என்றானாம். பின்பெஞ்சிலிருந்து, "எங்க வீட்டுல தொட்டியே இல்ல, அண்டாதான்" என்று ஒரு குரல். அடுத்த கேள்வியை அந்தப் பையன் டீச்சரிடம் கேட்கவில்லை, பின்னால் திரும்பி அவளிடமே கேட்டிருக்கிறான்: "அண்டா எந்தப் பக்கம்?"