கூம்பு நத்தையின் நஞ்சும் புரதங்களைப் படிக்கும் புதிய கருவிகளும்

ராமேசுவரம், மண்டபம், பாம்பன் பகுதிகளில் கரை திரும்பும் இழுவலைப் படகுகளில், இறாலையும் நண்டையும் நல்ல மீனையும் பிரித்தெடுத்த பின் மிஞ்சுவதைச் சங்காயம் என்று ஒதுக்குவார்கள். அந்தக் குவியலில் சில வேளைகளில் கூம்பு வடிவச் சங்குகளும் கிடக்கும். வரிகளும் புள்ளிகளுமாக அழகாக இருப்பதால், அவற்றின் ஓடுகளுக்குச் சங்குப் பொருள் விற்கும் கடைகளில் எப்போதும் இடமுண்டு. ஓட்டுக்குள் வாழ்ந்த நத்தை, உட்குழிவான ஊசி போன்ற பல்லால் இரையைக் குத்தி நஞ்சேற்றிப் பிடிக்கும் வேட்டை உயிரினம் என்பது வாங்குவோரில் பலருக்குத் தெரிந்திருக்காது. உலகக் கடல்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட கூம்பு நத்தை இனங்கள் உள்ளன. கோனஸ் அமாடிஸ், கோனஸ் பெட்டுலினஸ், கோனஸ் ஃபிகுலினஸ் போன்றவை நம் கரையோரத்திலும் வாழ்கின்றன.

ஒவ்வோர் இனத்தின் நஞ்சிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு புரதங்கள் கலந்திருக்கின்றன. பெப்டைடு எனப்படும் இவற்றுள் பெரும்பாலானவை பத்து முதல் நாற்பது வரையிலான அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகளே. ஆனாலும் நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம், கால்சியம் அயனிகள் நுழையும் வழித்தடங்களைத் தேர்ந்து தாக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நஞ்சில் கண்டறியப்பட்ட, 25 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்று, இன்று ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு சிகோனோடைடு என்ற பெயரில் வலிமருந்தாகப் பயன்படுகிறது. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கடும் வலிக்கான இம்மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்துக்குள் செலுத்த வேண்டும்; மார்ஃபினைப் போல நாள்பட நாள்பட அளவைக் கூட்டவேண்டிய நிலை இதில் ஏற்படுவதில்லை. இத்தகைய சிறு புரதங்களை இனங்கண்டு, அவற்றின் வரிசையையும் உருவத்தையும் அறிவதற்கு இன்று கையில் இருக்கும் கருவிகளே இக்கட்டுரையின் பொருள். என் பார்வையில் இக்கருவிகள் கொண்டுவந்த மிகப் பெரிய மாற்றம் வேகமன்று. ஆய்வுக்கு வேண்டிய பொருளின் அளவு வெகுவாகக் குறைந்துபோனதே ஆகும்.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. ஃபிரெடெரிக் சாங்கர் 1950களில் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை முதன்முதலாக முழுமையாகப் படித்தபோது, மாட்டுக் கணையத்திலிருந்து தாராளமாகக் கிடைத்த இன்சுலினைத்தான் எடுத்துக்கொண்டார். புரதமொன்றின் முப்பரிமாண வடிவத்தை முதலில் கண்ட ஜான் கென்ட்ரூ, எண்ணெய்த் திமிங்கலத்தின் தசையிலிருந்து, ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தை எடுத்தார். நீண்டநேரம் மூச்சடக்கி மூழ்கும் விலங்கு என்பதால் அதன் தசையில் அப்புரதம் மிகுதியாக இருந்ததும், அது நல்ல படிகங்களாக விளைந்ததுமே காரணம். எதிலிருந்து நிறையக் கிடைக்குமோ அதையே ஆராய முடிந்த காலம் அது. விரல் நீள நத்தையின் நஞ்சுக் குழாயில் நூறு பெப்டைடுகள் கலந்திருக்கையில், ஒவ்வொன்றின் பங்கும் எத்தனை சொற்பம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தடையை உடைத்தது நிறை நிறமாலைமானி. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு ஒன்றை வெற்றிடத்தில் பறக்கவிட்டு, அதன் பாதையைக் கொண்டு நிறையை அளக்கும் கருவி இது. சிறு மூலக்கூறுகளுக்கு இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தாலும், புரதங்களை உடைக்காமல் ஆவி நிலைக்குக் கொண்டுவர வழி தெரியாமல் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்றில், புரதக் கரைசலை மின்னழுத்தம் ஊட்டிய நுண்குழாயின் நுனியிலிருந்து மென்தூறலாகத் தெளிக்கிறார்கள். துளிகள் உலர உலர, மின்னூட்டம் ஏறிய புரதங்கள் மட்டும் எஞ்சுகின்றன. மற்றொன்றில், ஒளியை உறிஞ்சும் பொருளோடு புரதத்தைக் கலந்து உலர்த்தி, லேசர் துடிப்பால் அதை எழுப்புகிறார்கள். இப்பணிகளுக்காக ஜான் ஃபென், கோயிச்சி தனாகா ஆகியோர் 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நிறையை மட்டும் அறிந்தால் வரிசை தெரிந்துவிடாது. அதற்காகக் கருவிக்குள்ளேயே பெப்டைடை வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கிறார்கள். உடைப்பு பெரும்பாலும் அமினோ அமிலங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பில் நிகழ்வதால், ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிப்படியாக நீளும் துண்டுகள் உண்டாகின்றன. இருபது வகை மணிகள் கோத்த மாலையை வெவ்வேறு இடங்களில் அறுத்து, கிடைத்த துண்டுகளை எல்லாம் எடைபோட்டு, அடுத்தடுத்த எடைகளின் வேறுபாட்டிலிருந்து எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று கண்டுபிடிப்பதைப் போன்றது இது. வேறுபாடு 57 அலகு (ஓர் அலகு என்பது ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை) என்றால் அங்கே இருப்பது கிளைசின். 71 என்றால் அலனின். 87 என்றால் செரின். 103 என்றால் சிஸ்டீன். இதில் ஒரு சிக்கல் உண்டு. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே அணுக்களைக் கொண்டவை, இரண்டின் நிறையும் 113. ஆகவே சாதாரண முறையில் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. லைசினும் குளூட்டமினும் 128க்கு அருகில், தசமப் புள்ளிக்குப் பின்னரே வேறுபடுகின்றன. இன்றைய நுட்பமான கருவிகள் அந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன.

கூம்பு நத்தைப் பெப்டைடுகளில் சிஸ்டீன் மிகுதி. இரண்டு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் இணைந்து டைசல்ஃபைடு பிணைப்பு ஆகும்போது, இத்தனை குறுகிய சங்கிலிக்கும் கெட்டியான உருவம் கிடைக்கிறது. ஒரு பெப்டைடில் எத்தனை சிஸ்டீன் உள்ளது என்பதையும் நிறையைக் கொண்டே எண்ணலாம்: பிணைப்புகளை வேதிப்பொருளால் திறந்து, ஒவ்வொரு கந்தகத்தின் மீதும் அயடோஅசிட்டமைடைக் கொண்டு ஓர் அடையாளத்தைப் பூட்டினால், சிஸ்டீன் ஒன்றுக்கு 58 அலகு வீதம் நிறை கூடும். மொத்தம் 348 கூடியிருந்தால் ஆறு சிஸ்டீன்கள், அதாவது மூன்று பிணைப்புகள், என்று கணக்கிடலாம்.

இன்று இதோடு மரபணுப் பக்கத்திலிருந்தும் உதவி வருகிறது. நஞ்சுக் குழாயின் செல்களில் உள்ள, மரபணுவின் செய்தியை ஏந்திவரும் நகலான எம்ஆர்என்ஏ முழுவதையும் படித்துவிட்டால், அங்கே தயாராகும் பெப்டைடுகளின் பட்டியல் கிடைத்துவிடும். ஒவ்வொரு நஞ்சுப் பெப்டைடும் முதலில் நீண்ட சங்கிலியாகப் பிறந்து பிறகே தேவையான அளவுக்கு வெட்டப்படுகிறது. அந்தச் சங்கிலியின் தலைப்பகுதி ஒரே குடும்பத்துப் பெப்டைடுகளுக்குள் அதிகம் மாறுவதில்லை, நஞ்சாகச் செயல்படும் வால்பகுதியோ வெகுவாக மாறுகிறது. மாறாத பகுதியை அடையாளமாகக் கொண்டு மாறும் பகுதியைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால் மரபணு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. சங்கிலி உருவான பின், நத்தை அதில் சில இடங்களைத் திருத்துகிறது: புரோலினில் ஓர் ஆக்சிஜன் ஏறினால் நிறை 16 கூடும், டிரிப்டோஃபேனில் புரோமின் ஏறினால் 78 கூடும். இயற்கையில் புரோமினுக்கு 79, 81 என நிறையில் வேறுபட்ட இரண்டு வகை அணுக்கள் (ஐசோடோப்புகள்) ஏறத்தாழச் சம அளவில் இருப்பதால், நிறமாலையில் இரண்டு அலகு இடைவெளியில் இரட்டைக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்தவுடன் அங்கே புரோமின் உள்ளது என்று சொல்லிவிடலாம். எந்த மரபணு வரிசையிலும் எழுதியிராத செய்தி அது.

நம் கடற்பகுதி நத்தைகளை ஆராய்ந்தவர்களும் இவ்வழியில் முன்னரே சென்றிருக்கிறார்கள். பி. பலராம், கே. எஸ். கிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கோனஸ் அமாடிஸ் நஞ்சில் 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்து, நரம்பின் சோடியம் வழித்தடம் மூடிக்கொள்வதை அது தடுக்கிறது என்று 2003இல் வெளியிட்டனர்.

இன்றைய கருவிகளுக்கு ஒரு ஃபெம்டோமோல் அளவுப் பெப்டைடே போதும் என்ற நிலை பல சமயங்களில் வாய்க்கிறது. ஒரு ஃபெம்டோமோல் ஏறத்தாழ 60 கோடி மூலக்கூறுகள் என்றால் பெரிதாகத் தோன்றும். ஆனால் இத்தகைய சிறு பெப்டைடில் அதன் எடை, ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பகுத்தால் கிடைப்பதில் இரண்டு மூன்று பங்குதான். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில், மண்டபம், கீழக்கரைத் தொகுதிகளுக்கு ஏழேழு உள்ளன. அங்கே அனுமதியின்றி உயிரினங்களை எடுக்கக் கூடாது என்னும்போது, மூட்டை மூட்டையாகச் சங்கு தேவைப்படாத ஆய்வுமுறைக்கு எவ்வளவு மதிப்பு என்பது விளங்கும்.

வரிசைக்கு அடுத்தது உருவம். மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளில் எந்தச் சிஸ்டீன் எதனோடு இணைந்தது என்பதற்கு மட்டுமே 15 வாய்ப்புகள் உண்டு: முதல் சிஸ்டீனுக்கு ஐந்து துணைகள், மீந்த நான்கில் ஒன்றுக்கு மூன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. அவற்றில் ஒன்றே இயற்கையான வடிவம். மற்றவை பெரும்பாலும் வீரியம் குன்றியவை. இவ்வளவு சிறிய மூலக்கூறுகளின் உருவத்தை அறிய அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையே இன்றும் நம்பகமானது. காந்தப்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்கருக்களில் எவை ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன என்பதை அது அளந்து தருகிறது.

பெரிய புரதங்களுக்கு வேறு கருவி வேண்டும். நஞ்சு சென்று ஒட்டும் அயனி வழித்தடங்கள் செல்லின் கொழுப்புச் சவ்வில் பதிந்தவை என்பதால், அவற்றைப் படிகமாக்குவது நெடுங்காலம் எட்டாத வேலையாகவே இருந்தது. உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகமே தேவையில்லை. புரதம் கலந்த நீரை மெல்லிய ஏடாகப் பரப்பி, மிகக் குளிர்ந்த திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்தினால், பனிப் படிகமாக வரிசைகட்ட நீருக்கு அவகாசம் கிடைப்பதில்லை. கண்ணாடி போல இறுகிவிடுகிறது. அதற்குள் ஒவ்வொரு திசையைப் பார்த்தபடி உறைந்துபோன பல லட்சம் புரத மூலக்கூறுகளின் மங்கலான நிழல்களைப் படமெடுத்து, கணினியால் ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கி, முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுக்கிறார்கள். 2012க்குப் பின் வந்த, எலக்ட்ரான்களை நேரடியாக உணரும் கேமராக்களால் படத்தின் கூர்மை பெருகியது. 2021இல், சிகோனோடைடு தடுக்கும் மனிதக் கால்சியம் வழித்தடமும் அதன் வாயில் அம்மருந்து செருகி அமர்ந்திருப்பதும் இம்முறையில் 3 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் படமாயின. ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஓர் ஆங்ஸ்ட்ராம்.

இந்தப் படங்களிலிருந்து அமைக்கும் மாதிரி சரியா என்று சோதிக்க இன்றும் பயன்படுவது, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடம். அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று அவர்கள் வகுத்த எல்லைக்கு வெளியே அமினோ அமிலங்கள் பல விழுந்தால், மாதிரியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று பொருள். கருவிகள் இத்தனை மாறியும் இந்தச் சோதனை மாறவில்லை.

அண்மை ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்டது ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல். வரிசையைக் கொடுத்தால் உருவத்தைக் கணித்துத் தருவது இதன் வேலை. ஒரே புரதம் பல உயிரினங்களில் எப்படி வேறுபட்டிருக்கிறது என்று ஒப்பிட்டால், சில இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறியிருப்பது தெரியவரும். சங்கிலியில் தொலைவில் இருந்தாலும், மடிந்த நிலையில் அவை அடுத்தடுத்து அமர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. இச்சான்றுகளையும், 1971 முதல் புரதத் தரவு வங்கியில் சேர்ந்துவந்த உருவங்களையும் கற்றுக்கொண்ட செயற்கை நரம்புவலைப் பின்னல் என்னும் கணினி அமைப்புதான் ஆல்ஃபாஃபோல்டின் உள்ளே இருப்பது. 2020 இறுதியில் நடந்த கணிப்புப் போட்டியில் நூற்றுக்கு 92.4 என்ற இடைநிலை மதிப்பெண்ணை அது பெற்றது. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகள் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கப்பட்டன. 2024இல் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதிய புரதங்களை வடிவமைக்கும் டேவிட் பேக்கரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

கணிப்பு அளவீடு ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டு தன் கணிப்பின் ஒவ்வோர் இடத்துக்கும் நம்பிக்கை மதிப்பெண் தருகிறது. ஆனால் சிறு பெப்டைடுகளில் அம்மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. மொத்த வடிவம் சரியாக அமைந்திருந்தும், டைசல்ஃபைடு இணைகள் பிழையாகிவிடுவதுண்டு. கூம்பு நத்தைக்கு இது சிறு குறையன்று. அந்தப் 15 வாய்ப்புகளில் சரியானதைக் கண்டறிய, இன்னும் பெப்டைடைத் தயாரித்து, மடித்து, நரம்புச் செல்லின் மீது இட்டுப் பார்க்கத்தான் வேண்டும். எந்த வழித்தடத்தை அது தாக்குகிறது என்ற கேள்விக்கும் உருவம் மட்டும் விடை சொல்லிவிடாது.

வடிவமைப்புப் பக்கத்தில் வளர்ச்சி வேகமாக இருக்கிறது. நாகப்பாம்பு வகைகளின் நஞ்சிலுள்ள ஒரு நச்சுப்புரதக் குடும்பத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் புதிய புரதங்களைக் கணினியில் வரைந்து, ஆய்வகத்தில் தயாரித்து, எலிகளைக் காப்பாற்றியதை பேக்கரின் குழுவும் உடன்பணியாற்றியோரும் 2025 ஜனவரியில் வெளியிட்டனர். கூம்பு நத்தைக் கடிக்கு இன்றுவரை முறிமருந்து கிடையாது. கோனஸ் ஜியோகிராஃபஸ் போன்ற இனம் குத்தினால் மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். நஞ்சின் வீரியம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காப்பதே மருத்துவம். இவ்வகையில் முறிமருந்து ஒன்றை வடிவமைக்கலாமா என்று கேட்டால், பாம்பைவிட இங்கே வேலை கடினம். ஒரே நத்தையின் நஞ்சில் வெவ்வேறு வழித்தடங்களைத் தாக்கும் பெப்டைடுகள் பல ஒன்றாகக் கலந்திருக்கின்றன, இனத்துக்கு இனம் அக்கலவையும் மாறுகிறது. ஆகவே முதலில் வேண்டியது ஒவ்வோர் இனத்துக்கும் முழுமையான பெப்டைடுப் பட்டியல். அதைத் தொகுக்க இன்று ஒரு நத்தையின் நஞ்சுக் குழாயிலிருந்தே வேலையைத் தொடங்கிவிட முடியும்.