மண்ணைப் போட்டு மூடாதீர்கள்

போன வாரம் இன்னொரு ஜே.சி.பி. ஓட்டுநருக்காக ஜாமீன் மனு போட்டேன். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது பக்கெட் பல்லில் ஃபைபர் கேபிள் மாட்டி அறுந்துவிட்டது. அந்தப் பகுதியில் இணையம் போய்விட்டது. சாயங்காலம் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று எஃப்.ஐ.ஆர்., ராத்திரியே ரிமாண்ட். வண்டி இன்னும் காவல் நிலைய வாசலில் வெயிலில் நிற்கிறது. ஆயில் சொட்டிச் சொட்டி அடியில் மண் கறுத்துவிட்டது. இங்கே தோண்டு என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தவர் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லை.

1984-ம் வருடத்துப் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டத்தில் மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு போன்றவற்றுக்குச் சேதம் செய்தால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை கடுங்காவல். தமிழ்நாட்டின் 1992 சட்டம் இன்னும் கடுமை. சேதம் 100 ரூபாயைத் தொட்டாலே போதும், குறைந்தபட்சம் ஒரு வருடம்.

"சட்டம் கடுமையாக இருந்தால்தானே பயம் வரும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தயவுசெய்து யோசியுங்கள். இந்தக் குற்றத்தின் அடிப்படையே, சேதமாகட்டும் என்ற எண்ணம், அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்வது. செம்புக் கம்பிக்காகக் கேபிளை வெட்டுகிறவனுக்கும், பஸ்ஸைக் கொளுத்துகிறவனுக்கும் அது பொருந்தும். மண்ணுக்கு அடியில் கேபிள் போவதே தெரியாதவருக்கு எப்படிப் பொருந்தும்? அவர் கவனக்குறைவாகவே தோண்டியிருந்தாலும், கவனக்குறைவு வேறு, இந்தக் குற்றம் வேறு. தெரியாத ஒன்றை வெட்டாமல் இருக்க எந்தப் பயமும் உதவாது. வெட்டிய பிறகுதான் பயம் வேலை செய்கிறது, அதுவும் தப்பான பக்கம். குழாய் லேசாகக் கீறினால் யாருக்கும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது தண்ணீர்க் குழாயாக இருந்தால் சாக்கடை உள்ளே இறங்கும். எரிவாயுக் குழாயாக இருந்தால்? பத்து நிமிடத்தில் போன் வந்தால் வால்வை அடைத்துவிடலாம். ஜெயிலுக்குப் பயந்தவர் அந்த போனைப் பண்ண மாட்டார்.

சரி, வழக்கால் நஷ்டமாவது திரும்புகிறதா? அபராதம் கருவூலத்துக்குப் போகிறது. கேபிளை ஒட்டுகிற ஜூனியர் இன்ஜினியர் சாட்சி சொல்ல வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு வருகிறார். அன்றைக்கு அவருடைய வேலை நிற்கிறது. போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் என்று எல்லாச் செலவும் நம் வரிப்பணம்தான். 2024-ல் சட்ட ஆணையம் தன் 284-வது அறிக்கையில், சேதத்தின் மதிப்பைக் கட்டினால்தான் ஜாமீன் என்று பரிந்துரைத்திருக்கிறது. தினக்கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர் கேபிளின் மதிப்பை எங்கே போய்ப் புரட்டுவார்? ஜாமீன்தாரர் இரண்டு பேரைக் கூட்டிவரவே அவர் மனைவி நாலு நாள் அலைகிறார்.

இப்படி அறுபடும் கேபிள்களால் நாட்டுக்கு வருடம் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே சொன்னது. அதற்காகத்தான் 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. தோண்டும் இடத்தை அதில் பதிந்தால் கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். காண்ட்ராக்டர்களே, ஒரு போன், ஒரு பதிவு, அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாமல் ஓட்டுநரைப் பள்ளத்தில் இறக்காதீர்கள். வேலை கொடுக்கும் அலுவலகங்களே, கேபிளும் குழாயும் போகும் ரூட் மேப்பைக் கையில் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க அனுமதியுங்கள். நஷ்டஈட்டை வேலை எடுத்தவரிடம் சிவில் வழியில் வாங்குங்கள்; கைவிலங்கு வேண்டாம்.

ஓட்டுநர் தம்பிகளுக்கு: கோடு போட்டவர் யார், எந்த நம்பரிலிருந்து பேசினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்டுவதற்கு முன் இடத்தை நாலு போட்டோ எடுங்கள். எச்சரிக்கை டேப்போ, கறுப்புக் குழாயோ தென்பட்டால் பக்கெட்டைத் தூக்கிவிட்டு மண்வெட்டியால் பாருங்கள். ஏதாவது அறுந்தால் ஓடாதீர்கள், மூடாதீர்கள், உடனே சொல்லுங்கள். நீங்களே முன்வந்து சொன்ன நேரமும் எடுத்த போட்டோவும்தான் ஜாமீன் மனுவில் எனக்குக் கிடைக்கும் நல்ல ஆதாரம். போன வாரத்து ஓட்டுநரிடம் இரண்டுமே இருந்தன. அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வண்டியை விடுவிக்கும் மனு திங்கட்கிழமை வருகிறது. அதுவரை அவருக்கு வேலை இல்லை.