முத்தான கையெழுத்து, தவறான முகவரி

இந்த மாதத்தில் இது மூன்றாவது தவறு. சரிபார்ப்புக்காக என் மேசைக்கு வந்த 1:50,000 இடவிளக்க வரைபடத்தில், புதிதாகச் சேர்த்த மலைச்சாலை ஓர் ஓடையின் இடக்கரையிலேயே மூன்று கிலோமீட்டர் போகிறது. நேரில் அந்தச் சாலை வலக்கரையில் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு வளைவில் சமஉயரக் கோடுகளை வரிசையாக வெட்டிக்கொண்டு நேராகக் கீழே பாய்கிறது. அந்தச் சரிவில் ஆடுகூடத் தயங்கித்தான் இறங்கும். வரைந்த இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஐம்பது சென்டிமீட்டர் செயற்கைக்கோள் படம் சார். அதன் மேலேயே வைத்து வரைந்தேன். எப்படித் தவறாகும்?” என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் அடுத்தவருக்குப் படிக்கக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

ஐம்பது சென்டிமீட்டர் என்பது பிரிதிறன். தரையில் அரை மீட்டர் பக்கமுள்ள சதுரம் படத்தில் ஒரு பிக்சலாகப் பதிகிறது, அவ்வளவுதான். அந்தப் பிக்சல் பூமியில் சரியாக எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கு இருப்பிடத் துல்லியம் என்று பெயர். முத்து முத்தான கையெழுத்தில் முகவரி எழுதியிருந்தாலும், கதவு எண் தவறென்றால் கடிதம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். எழுத்தின் அழகைப் பார்த்து முகவரியை நம்புகிறவர்களை என்ன சொல்வது? 2014-இல் ஏவப்பட்ட வேர்ல்டுவியூ-3 செயற்கைக்கோளின் பிரிதிறன் 31 சென்டிமீட்டர். தரைப்புள்ளிகள், அதாவது தரையில் நேரில் அளந்து இடம் தெரிந்த புள்ளிகள், இல்லாமல் அதன் இருப்பிடத் துல்லியம் 3.5 மீட்டருக்குள் இருக்கும் என்றுதான் அதன் விவரக்குறிப்பே சொல்கிறது. பிக்சலைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அதிலும் நிலத்தின் மேடுபள்ளத்தால் வரும் பிழை சேர்க்கப்படவில்லை.

மலைச்சாலையைக் கவிழ்த்தது அந்தச் சேர்க்காத பிழைதான். செயற்கைக்கோள் எல்லா இடத்தையும் உச்சியில் நின்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் சாய்ந்துதான் பார்க்கிறது. 25 டிகிரி சாய்வில் எடுத்த படத்தில், கணக்குக்கு எடுத்துக்கொண்ட தளத்தைவிட 300 மீட்டர் உயரத்தில் உள்ள சாலை ஏறக்குறைய 140 மீட்டர் தள்ளி விழும். 1:50,000 தாளில் அது 2.8 மில்லிமீட்டர். அந்தத் தாளில் நாங்கள் பொறுத்துக்கொள்வது 0.2 மில்லிமீட்டர், அதாவது தரையில் 10 மீட்டர். இன்னொன்றையும் கவனியுங்கள். உச்சி ஓர் அளவு நகரும், பள்ளத்தாக்கு வேறோர் அளவு நகரும். ஆகவே படத்தை மொத்தமாக இழுத்து ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் விலகும். நிலத்தின் உயரங்களை இடம் இடமாகப் பதிந்த உயர மாதிரியை வைத்து ஒவ்வொரு பிக்சலையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தத் திருத்தம் செய்யாத படம் வெறும் புகைப்படம். சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அதன் மேல் சாலை வரையக் கூடாது.

இதைச் சொன்னதும் சிலர் வேறொரு குறுக்குவழிக்குப் போகிறார்கள். பழைய வரைபடத்திலிருந்தே நாலு சந்திப்புகளைப் பொறுக்கி, படத்தை அதன் மேல் ரப்பர் போல இழுத்துப் பொருத்துகிறார்கள். பழைய தாளில் சாலை இருக்கும் இடம் அதன் உண்மையான இடமாக இருக்க வேண்டியதில்லை என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லைபோலும். ஆறும் ரயில்பாதையும் சாலையும் ஒட்டிப் போகும் இடத்தில், குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்க வரைவாளர் சாலையை வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருப்பார். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாலைக்கோடு தரையில் 40 மீட்டர் அகலம்! அதன் நடுவைப் பிடித்துப் படத்தை இழுக்கிறீர்கள்.

பிறகு பெருமையாக ஓர் அறிக்கை வரும்: பிழை 0.00. எத்தனை புள்ளிகள் கொடுத்தீர்கள் என்று கேட்டால், மூன்று. எளிய நேரியல் பொருத்தத்துக்கு மூன்று புள்ளிகள் கொடுத்தால் பிழை பூஜ்யமாகத்தான் வரும். மூன்றும் தவறாக இருந்தாலும் வரும். மென்பொருள் சொல்வது உங்கள் புள்ளிகளுக்குள் சண்டை இல்லை என்பதை மட்டும். புள்ளிகளைத் தரையில் ஜிபிஎஸ் கொண்டு எடுங்கள், தாளெங்கும் பரவலாக, மேட்டிலும் பள்ளத்திலும். பொருத்துவதற்குப் பயன்படுத்தாத சில புள்ளிகளைத் தனியே ஒதுக்கி, அவற்றில்தான் துல்லியத்தைச் சோதிக்க வேண்டும். வினாத்தாள் எழுதியவரே விடையும் எழுதி மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வது தேர்வாகாது.

டேட்டம் பற்றி ஒரு வரி. அட்சரேகை, தீர்க்கரேகைகளை அளக்க அடிப்படையாக வைத்துக்கொள்ளும் பூமியின் வடிவமும் அதன் நிலையும்தான் டேட்டம். ஜிபிஎஸ் பேசும் டேட்டமும் பழைய தாளின் டேட்டமும் ஒன்றா என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஜப்பான் 2002-இல் பழைய டேட்டத்திலிருந்து மாறியபோது டோக்கியோ பகுதியில் வித்தியாசம் சுமார் 450 மீட்டர். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

இருப்பிடம் சரியாக அமைந்துவிட்டாலும், தெரிவது என்ன என்பது மிச்சமிருக்கிறது. இதில் நானே சறுக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஆற்றின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு, இரு முனையிலும் ஒற்றையடிப் பாதை, பக்கத்தில் நிழல். நடைபாலம் என்று தயங்காமல் குறித்தேன். களச் சரிபார்ப்புக்குப் போன சக ஊழியர் அங்கிருந்து ஒரு புகைப்படம் அனுப்பினார். இடுப்பளவு தடிமனுள்ள தண்ணீர்க் குழாய் ஒன்று ஆற்றைக் கடக்கிறது. அதன்மேல் கையை வைத்து நிற்கிறார். பாதைகள் குழாயைப் பராமரிப்பவர்கள் நடந்து விழுந்தவை. அச்சுக்குப் போகுமுன் பிடித்தோம்.

1976-இல் கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால், லேண்ட்சாட்-1 செயற்கைக்கோள் எடுத்த படத்தில் வரைபடத்தில் இல்லாத ஒரு தீவு தென்பட்டது. அதன் அளவு 25 மீட்டருக்கு 45 மீட்டர். அந்தப் படத்தின் பிக்சலோ சுமார் 80 மீட்டர். பிக்சலைவிடச் சிறியதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை எல்லோரும் வியந்து சொல்வார்கள். உறுதிசெய்ய ஹெலிகாப்டரிலிருந்து ஒருவரைக் கட்டி இறக்கினார்கள் என்பதும், அங்கே ஒரு பனிக்கரடி அவரை அறையக் கை ஓங்கியது என்பதும்தான் எனக்குப் பிடித்த பகுதி. கரடி இருக்கும் இடத்துக்கே ஆள் போயிருக்கிறார். நம்மவர்களுக்கு ஓடைக்கரை தூரமாக இருக்கிறது.

நீர்நிலைகளையும் கொஞ்சம் பார்த்து வரையுங்கள், தயவுசெய்து. கோடையின் முடிவில் எடுத்த படத்தில் நீர்த்தேக்கம் பாதியாகச் சுருங்கியிருக்கும். தாளில் இருக்க வேண்டியது முழுக் கொள்ளளவின் கரை. படம் எடுத்த காலைப் பொழுதின் கரை அல்ல. நிழல் இன்னொரு ஏமாற்று. வட அரைக்கோளத்தில் காலைப் படங்களில் வெளிச்சம் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து, அதாவது தாளின் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும். பலர் கண்ணுக்குப் பள்ளத்தாக்கு மலைமுகடாகத் தெரியும். சந்தேகம் வந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஊர்ப்பெயர், எல்லை, மரக்கூரைக்கு அடியில் போகும் பாதை இவை எதுவும் எந்தப் படத்திலும் கிடைக்காது. எந்தத் தேதிப் படம், எந்த இடங்களைக் களத்தில் பார்த்தோம், எவற்றைப் பார்க்கவில்லை என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுத வெட்கம் வேண்டாம்.

மலைச்சாலைத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாலைந்து நாள் கழித்து அந்த இளைஞர் போன் செய்தார். வலக்கரையில் நிற்கிறாராம். மரங்களுக்கு அடியில், படத்தில் தெரியாத ஒரு சிறு பாலம் இருக்கிறதாம். “இதையும் சேர்க்கட்டுமா சார்?” என்றார். நீளத்தை அளந்துகொண்டு வரச் சொன்னேன்.