நைட்டிங்கேலின் தொண்டையும் நம் ஊர் முராயும்

பினாங்கில் எத்தனை வருடம் காத்திருந்தாலும், பாட்டுக்குப் பேர்போன நைட்டிங்கேல் பறவை வராது. வசந்தத்தில் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் கூடு கட்டும், குளிர் வருவதற்குள் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். நம் பக்கம் அதற்கு வேலையே இல்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கு, வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போதே, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி வாலைத் தூக்கிக்கொண்டு விசிலடிக்க ஆரம்பித்துவிடுகிறது. முராய் கம்போங். தமிழ்நாட்டில் இதைக் குண்டுகரிச்சான் என்பார்கள். கொடிமலைக் காட்டுக்குள் போனால் இதைவிடப் பெரிய பாடகன் இருக்கிறான்: நீண்ட வாலும் செம்பழுப்பு வயிறும் கொண்ட முராய் பத்து, தமிழில் சோலைப்பாடி. இவை இரண்டும் நைட்டிங்கேலும் ஒரே குடும்பம், மஸ்சிகாப்பிடே. தொண்டையின் அமைப்பும் பாட்டு கற்கும் முறையும் பொதுவில் ஒன்றுதான். ஆகவே நைட்டிங்கேல் எப்படிப் பாடுகிறது என்று புரிந்துகொள்ள விமான டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். நமக்குக் குரல் பிறப்பது கழுத்தில், குரல்வளையில். பறவைக்கும் குரல்வளை உண்டு, ஆனால் அங்கே குரல் உண்டாவதில்லை. மூச்சுக்குழாய் மார்புக்குள் இறங்கி, இரண்டு நுரையீரல்களுக்காக இரண்டாகப் பிரிகிறது அல்லவா, அந்தக் கவட்டில்தான் ஒலி உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் சிரிங்ஸ். நைட்டிங்கேல், முராய் போன்ற பாடும் பறவைகளில் பிரிந்து போகும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு ஜோடி மெல்லிய சதை மடிப்பு உண்டு. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பைகளை அழுத்தினால் காற்று இந்த மடிப்புகளைத் தள்ளித் திறந்துகொண்டு மேலே வரும். உடனே மடிப்பு தன் விறைப்பால் திரும்பி வந்து மூடும். மறுபடி காற்று தள்ளும். இப்படி வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடுவதுதான் நம் காதுக்கு விசிலாகக் கேட்கிறது. நம்முடைய குரலும் இதே இயற்பியலில்தான் ஓடுகிறது.

வித்தியாசம், பறவைக்கு இந்த ஏற்பாடு இரண்டு இருப்பதில். வலப்பக்கத்துக்குத் தனித் தசைகள், தனி நரம்பு, இடப்பக்கத்துக்கும் அப்படியே. தண்ணீர்மலைத் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரக்காரர்கள் சேர்ந்து வாசிப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்வார், கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. பறவையின் மார்புக்குள் அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள், காற்று மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. வட அமெரிக்காவின் கார்டினல் பறவையில் இதை நன்றாக அளந்து பார்த்திருக்கிறார்கள். கீழ்ச்சுரத்திலிருந்து மேல்சுரத்துக்கு ஒரே இழுப்பாக ஏறும் விசிலில், கீழ்ப்பாதியை இடப்பக்கம் பாடுகிறது, மேல்பாதியை வலப்பக்கம். நடுவில் கைமாறுவது காதுக்குப் பிடிபடாது. சில பறவைகள் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு சுரங்களை எழுப்புவதும் இதனால்தான்.

அப்புறம் மூச்சு. கேனரிப் பறவை ஒரே அசையைத் திரும்பத் திரும்ப வேகமாகச் சொல்லும்போது, ஒவ்வொரு அசைக்கும் நடுவில் ஒரு குட்டி மூச்சு இழுத்துக்கொள்கிறது. இப்படி வினாடிக்கு முப்பது அசை வரை தாக்குப்பிடிக்கும். அதைவிட வேகம் வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுக்க நேரமில்லை. இருக்கும் காற்றைத் துண்டு துண்டாக வெளியே விட்டுச் சமாளிக்கும், அதனால் அந்தப் பாட்டு நீளாது. இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் தசைகளும் சாதாரணமானவை அல்ல. மைனா இனத்து ஸ்டார்லிங் பறவையின் சிரிங்ஸ் தசைகள் வினாடிக்கு 250 தடவை வரை ஒலியை மாற்றியமைக்க முடியும் என்று 2008இல் கண்டறிந்தார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளின் தசைகளில் இந்த வேகத்தை எட்டுபவை மிகக் குறைவு.

பிறந்த ஒலி அப்படியே வெளியே வருவதும் இல்லை. பாடும் கார்டினலை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, கீழ்ச்சுரத்துக்குத் தொண்டைக்குழி விரிவதும் மேல்சுரத்துக்குச் சுருங்குவதும் தெரிந்தது. அதனால்தான் விசில் அவ்வளவு சுத்தமாக ஒலிக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் 18ஆம் நூற்றாண்டின் பாடும் இயந்திரப் பறவைகள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான் வருகிறது. சுவிட்சர்லாந்தில் ஷாக்கே-துரோ பட்டறைக் கடிகாரக்காரர்கள் செய்தவை அவை. சின்னத் துருத்தி ஒன்று, உள்ளே மேலும் கீழும் நகரும் தண்டு பொருத்திய விசில் ஒன்று. தண்டு நகர நகரச் சுரம் ஏறி இறங்கும். கேட்க அழகாகவே இருக்கும். ஆனால் ஒரு விசில், ஒரு நேரத்தில் ஒரு சுரம், சாவி கொடுக்கும்போதெல்லாம் அதே பாட்டு. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843இல் எழுதிய நைட்டிங்கேல் கதையில் அரசவை மயங்கிப்போவது இப்படி ஒரு ரத்தினப் பறவையிடம்தான்.

ஓவியர்களுக்கு இந்தப் பறவை ஒரு தலைவலி. பதினாறு சென்டிமீட்டர் நீளம், பழுப்பு உடம்பு, லேசாகச் சிவந்த வால், அவ்வளவுதான். குரலை வரைய முடியாது. உடம்பில் வரைய ஒன்றுமில்லை. பாரசீக ஓவியர்கள் பக்கத்தில் ஒரு ரோஜாவை வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். ரோஜா காதலி, பறவை காதலன். ஈரானின் காஜார் அரசர்கள் காலத்துப் பேனாப் பெட்டிகளின் வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இந்த ஜோடி நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, பல இடங்களில் பறவை நிஜத்தைவிட வண்ணமாகவே. கோலாலம்பூரில் பறவைப் பூங்காவும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. காலையில் ஒன்று, மதியம் மற்றொன்று என்று பார்த்தால் நிஜ இறகும் வரைந்த இறகும் அடுத்தடுத்து மனதில் நிற்கும். என் ஓட்டு இங்கிலாந்தின் தாமஸ் பியூவிக்குக்கு. 1797இல் வெளியான பறவை நூலுக்காக அவர் மரக்கட்டையில் செதுக்கிய நைட்டிங்கேலில் வண்ணமே கிடையாது. பழுப்புப் பறவைக்கு அதுதான் பொருத்தம்.

ஐரோப்பியக் கவிஞர்கள் பலர் இதைச் சோகத்தில் பாடும் பெண்ணாகவே எழுதினார்கள். பாடுவது ஆண். நாம் சிரிக்க வேண்டாம். நம்முடைய பாட்டுகளில் கூவுவதும் எப்போதும் பெண்குயில்தான். உண்மையில் அந்தக் 'கூ... ஊ' என்று ஏறும் குரல் ஆணுடையது. பெண்ணுக்கு வெறும் 'கிக் கிக் கிக்'.

குயிலைச் சொன்னதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். குயில் காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்கிறது. ஆனாலும் பெரிதானதும் கரைவதில்லை, குயிலாகவே கூவுகிறது. ஏனென்றால் அந்தக் குரல் பிறப்பிலேயே எழுதப்பட்டது, யாரும் சொல்லித்தர வேண்டாம். முராயோ நைட்டிங்கேலோ அப்படி இல்லை. பெரியவர்கள் பாடுவதைக் காதில் வாங்காமல் வளர்ந்தால் சரியான பாட்டே வராது. குஞ்சுப் பருவத்தில் கேட்டது மூளையில் தங்கும். பிறகு மாதக்கணக்கில் முணுமுணுப்பு, தப்பும் தவறுமான ஒத்திகை. தன் குரலைத் தானே கேட்டு, நினைவில் இருப்பதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். அடுத்த வசந்தத்தில்தான் முழுப்பாட்டு.

அந்த நினைவாற்றல் சாதாரணமில்லை. ஒரு ஆண் நைட்டிங்கேலுக்கு 180, 200 வகைப் பாட்டுகள் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றும் சில வினாடி, நடுவில் சின்ன மௌனம், அடுத்தது வேறு பாட்டு. பெர்லினில் ஹென்ரிக்கே ஹுல்ச்சும் டீட்மார் டோட்டும் கையில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். நீண்ட வரிசையாகப் போட்டாலும், பத்து இருபது தடவை கேட்டதிலேயே பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொண்டன. அதோடு, அடுத்தடுத்துக் கேட்ட சில பாட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்து, பாடும்போதும் அந்தக் கட்டாகவே எடுத்தன. பழகிய கட்டோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. எதிரே பாடும் ஆண் எந்த உயரத்தில் விசிலடிக்கிறதோ அதே உயரத்துக்குத் தன் விசிலை நைட்டிங்கேல் அந்த நொடியிலேயே மாற்றிக்கொள்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. பெர்லின் போக்குவரத்துச் சத்தத்தில் இருக்கும் பறவைகளோ அமைதியான இடத்துப் பறவைகளைவிட 14 டெசிபல் வரை சத்தமாகப் பாடுகின்றன. நம் நகர நடுவிலுள்ள கொம்தார் கட்டடத்துப் பக்கம் வசிக்கும் முராய்கள் இதற்கு என்ன செய்கின்றனவோ, யாராவது அளந்து பார்க்கலாம்.

இரவில் ஏன் பாட வேண்டும்? ஆண்கள் ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் வந்து இடம் பிடிக்கின்றன. பெண்கள் சில நாள் கழித்து, இருட்டில் பறந்து வருகின்றன. வானத்தில் போகிறவளைக் கீழே இறக்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் கூப்பிட வேண்டும். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கவனித்ததில், ஜோடி கிடைத்த ஆண் இரவுப் பாட்டைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது, கிடைக்காதது வாரக்கணக்கில் தொடர்கிறது. விடியற்காலையில் இரண்டும் பாடும், ஆனால் அது பக்கத்து ஆணுக்கான எச்சரிக்கை. கார் நிறுத்துமிடத்து முராய் விடிவதற்கு முன் அறிவிப்பதும் பெரும்பாலும் இந்த எல்லைத் தகராறுதான்.

கற்றுக்கொள்ளும் பாட்டு என்பதால் கற்பிக்கவும் ஆள் வேண்டும். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் கேனரிக்கு ராகம் பழக்க, செரினெட் என்ற கைப்பிடி சுற்றும் குட்டி ஆர்கனையே செய்து விற்றார்கள். இன்று முராய் பத்து வளர்ப்பவர்கள் கைப்பேசியில் வேறு பறவைகளின் பதிவைப் போட்டுக் கூண்டுப் பக்கத்தில் வைக்கிறார்கள், போட்டியில் வகைவகையாகப் பாட வேண்டும் என்பதற்காக. பறவை அதையும் கற்றுக்கொள்ளும்.

காட்டில்தான் சிக்கல். நன்றாகப் பாடும் ஆணைத்தான் வலை தேடும். ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஹனிஈட்டர் என்ற தேனுண்ணும் பறவை சில நூறாகக் குறைந்தபோது, ஆண்களில் சுமார் 12 விழுக்காடு சொந்தப் பாட்டுத் தெரியாமல் பிற இனங்களின் பாட்டைப் பாடித் திரிந்ததை 2021இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பக்கத்தில் சொல்லித்தர மூத்த ஆண் இல்லை, காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பாடியவற்றுக்கு ஜோடி கிடைப்பதும் குறைந்தது. முராய் பத்து அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிய, அது இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அதன்படி எல்லை தாண்டி விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். மலேசியாவுக்குள் வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் வனவிலங்குத் துறையின் உரிமம் தேவை.