ஜேசிபி இறங்கும் முன் ஒரு நடை

கோடையில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடுகளில் சருகு மண்டிவிடும். அணையாத பீடித் துண்டு ஒன்று போதும், தீப்பிடிக்க. ஆகவே காய்ந்த புதரை முன்கூட்டியே அகற்றுவது அவசியமான வேலைதான். ஆனால் அரசு நிலம் என்றால் அதற்கு முன் தொல்லியல் ஆய்வு நடந்தாக வேண்டும் என்பேன். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமே கூட்டாட்சி அரசுத் துறைகளுக்கு இதைக் கடமையாக்கியிருக்கிறது.

ஆய்வாளர்கள் முதலில் பழைய வரைபடங்களையும் அகழாய்வு அறிக்கைகளையும் புரட்டுவார்கள். அப்புறம் நடை. சிலர் இடைவெளி விட்டு வரிசையாக, தரையைப் பார்த்தபடி நடப்பார்கள். நம் செம்மண்ணில் கருப்பு-சிவப்புப் பானை ஓடோ முதுமக்கள் தாழியின் விளிம்போ கண்ணில் படலாம். புதுச்சேரிக்கு அருகே சுத்துக்கேணியில் பெருங்கற்கால ஈமக்காடே இருந்தது. கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துப் படமெடுத்துக்கொள்வார்கள்.

சரி, தீயால் என்ன கெடும்? மண் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஈரம் இருந்தால், அது ஆவியாகித் தீரும்வரை மண்ணின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. புல்லில் ஓடிப்போகும் தீ புதைந்திருப்பதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. வெட்டிய கட்டைகளைக் குவித்து எரிப்பதுதான் ஆபத்து, அது மணிக்கணக்கில் கனலும். சூளையில் வெந்த நாள் முதல் பானை ஓட்டிலுள்ள படிகங்கள் இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சேர்த்துவைக்கின்றன. அதை அளந்துதான் வெப்ப ஒளிர்வு முறையில் வயது சொல்கிறார்கள். சுமார் 500 டிகிரி சூடு பட்டால் சேர்ந்தது முழுக்க அழிந்து, 2000 வருட ஓடு நேற்றுச் சுட்டதாகக் காட்டும்.

அதைவிடக் கொடுமை, சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்குவது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு செய்த தொல்லியலாளர் மார்டிமர் வீலர், காலம் தெரிந்த ரோமானிய மட்பாண்டங்களை வைத்து உள்ளூர் ஓடுகளுக்கும் காலம் குறித்தார். எது எந்த மண் அடுக்கில் எதனுடன் கிடந்தது என்று தெரிந்ததால்தான் அது முடிந்தது. வேர் பெயர்ந்தால் அடுக்குகள் கலந்துவிடும். ஓடு மிஞ்சும், காலம் போய்விடும்.

இதற்காக மொத்த வேலையையும் நிறுத்த வேண்டியதில்லை. குறித்த இடத்தில் மட்டும் ஆட்களை விட்டுத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டு, கட்டைகளை வெளியே கொண்டுபோய் எரிக்கலாம். கருவேலம் மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டக் கூலி ஆகும். அந்தச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். வேலையாட்களுக்குத் தரும் வரைபடத்தில் 'இயந்திரம் கூடாது' என்று மட்டும் இருக்கட்டும். தாழி இருப்பதை எழுதிவைத்தால் தோண்டித் திருடுபவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும்.